பல தெரிவுப் புலம்

பல தெரிவுப் புலம் என்பது தரவுத்தளத்தில் ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைப் பதிய உதவும் அமைப்பு ஆகும். கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் நகரான ஓசூரில் இதன் தேவை தெளிவாகத் தெரியும். அங்கு தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை வழங்குகின்றன. ஒருவரே மூன்று நான்கு மொழிகள் பேசுவதும் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி ஒன்றும், தெரிந்த பிற மொழிகள் இரண்டும் மட்டுமே பதியப்பட்டன. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு தமிழ், கன்னடம், உருது அறிந்தவரின் நான்காம் மொழிக்கு அதில் இடமில்லை.

கணினியிலும் இச்சிக்கல் உண்டு. 1970இல் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்த எட்கர் காட், அட்டவணையின் ஒரு கட்டத்தில் பட்டியல் இராமல் தனி மதிப்பே இருக்குமாறு பிரிக்கும் முறையையும் விளக்கினார். இம்முறையில் ஆட்களுக்கு ஓர் அட்டவணை, மொழிகளுக்கு ஓர் அட்டவணை, இரண்டையும் இணைக்க மூன்றாவது அட்டவணை அமையும்.

2005 ஜூலையில் வெளியான ஜாங்கோ வலைச் சட்டகத்தில் ஒற்றை விடைக்குத் தெரிவுப் பட்டியலும், பல விடைகளுக்குப் 'பலவற்றுக்குப் பல' உறவும் உள்ளன. சில நிரலாளர்கள் விடைக் குறியீடுகளைக் காற்புள்ளியிட்டு ஒரே கட்டத்தில் சேமிக்கும் தனிப்புலத்தை உருவாக்குகின்றனர். இது எளிது, ஆனால் வெறும் எழுத்துத் தேடலில் 1 என்று தேடினால் 11, 21 ஆகியவையும் அகப்படும். கன்னடம் அறிந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கே பிழையாகிவிடும். இணைப்பு அட்டவணையில் இப்பிழை நேராது. ஒருவர் எத்தனை மொழி அறிந்தாலும் அத்தனைக்கும் இடமுண்டு.