அச்சின் வழிச் சென்ற கத்தரி

நூற்றல், நெய்தல், சாயமிடல், அச்சிடல், தைத்தல் என ஆடைத்தொழில் பலவகைப்படும். இவை பெரும்பாலும் வெவ்வேறு கைகளில் நிகழ்வன. அச்சிடுவோன் துணியை விற்றபின் அதன் கதியை அறியான். தைப்போன் கத்தரி, பூவை நடுவே பிளந்து செல்லினும் கேட்பார் இலர். இம்முறையை மாற்றி, அச்சு சொல்லும் வழியே கத்தரியைச் செலுத்திய ஆங்கிலப் பெண்மணி ஒருவரின் வரலாறு நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறியத்தக்கது.

ஜாண்ட்ரா ரோட்ஸ் அம்மையார் 1940-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கெண்ட் மாகாணத்துச் சாட்டம் நகரிற் பிறந்தார். அவர்தம் அன்னையார், பாரிஸ் நகரில் தோன்றிய ஓர்த் என்னும் புகழ்மிக்க ஆடையகத்தில், உடுப்போர் மெய்க்கேற்ப உடையைப் பொருத்தும் பணி செய்தவர். பின்னர் மெட்வே கலைக்கல்லூரியில் ஆசிரியையாக விளங்கினார். மகளாரும் அக்கல்லூரியிற் பயின்றார். பின்பு இலண்டன் ராயல் கலைக்கல்லூரியில் அச்சுத்துணிக் கலையைச் சிறப்பாகக் கற்று 1964-இல் தேறினார்.

கற்ற கலை உடனே சோறிட்டதோ எனின், அன்று. அவர் வரைந்த அச்சுக்கள் மிகத் துணிச்சலானவை என்று கூறி, ஆங்கில நாட்டுத் துணி உற்பத்தியாளர் பலர் கைவிரித்தனர். பிறர் விரும்பும் வண்ணம் தம் கோலத்தைச் சுருக்கிக்கொள்ளுதல் எளிய வழி. அம்மையார் அதனை வேண்டிலர். துணியை வாங்குவார் இல்லையெனின் அத்துணிகொண்டு யாமே உடை செய்வோம் எனத் துணிந்தார். சில்வியா அயிட்டன் என்னும் தோழியாருடன் இலண்டனில் ஒரு கடை நடத்தியபின், 1969-இல் தம் பெயரால் முதல் ஆடைத்தொகுதியை வெளியிட்டார்.

அத்தொகுதியின் சிறப்பு யாதெனின், பின்னல் ஊசியால் இடும் கண்ணிகளை அவர் வட்டவட்டமாக வரைந்து கம்பளித் துணியில் அச்சிட்டமையாம். வட்டக் கோலத்தைச் சதுரமாக வெட்டினால் கோலம் அழியுமன்றோ? ஆதலின் அங்கியின் கீழ்ப்பகுதியையும் வட்டமாகவே வெட்டினார். உடையின் உருவை அச்சே வகுத்தது. அவ்வாண்டே இவற்றை நியூயார்க்கிற்குக் கொண்டுசென்றார். ஆங்கு வோக் இதழின் ஆசிரியை டயானா விரீலண்ட் இவற்றை விரும்பித் தம் இதழில் வெளியிட்டார், பெருங்கடைகளும் வாங்கின. தாய்நாட்டு வணிகர் தள்ளிய அச்சு, கடல் கடந்து மதிப்புப் பெற்றது. பிற்காலத்தில் இளவரசி டயானாவும் இவர் செய்த உடையை அணிந்தார்.

2003-இல் இலண்டன் பெர்மாண்ட்சிப் பகுதியில் ஆடைக்கும் துணிக்கும் உரிய அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். அரசு 2014-இல் ‘டேம்’ என்னும் பட்டம் அளித்தது. இவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்வது ஒன்றுண்டு. அன்னையார் கற்பித்ததும் தாம் கற்றதுமாகிய மெட்வே கல்லூரி, பின்னாளில் பிற கல்லூரிகளோடு கூடிப் பல்கலைக்கழகமாயிற்று. 2010-இல் அம்மையார் அதன் வேந்தராக அமர்ந்தார்.

அன்பர்காள்! தம் தொழிலை மட்டும் அறிந்தவன், வாங்குவோன் முகம் சுளித்த அன்றே வாழ்விழப்பான். அடுத்த தொழிலையும் கற்றவனுக்கு மற்றொரு வாயில் திறக்கும். அச்சிடக் கற்ற மகள் கத்தரியையும் கையில் எடுத்தமையால் அச்சும் பிழைத்தது, அவரும் உயர்ந்தார். நம் மக்களைத் தொழிற்கல்விக்கு விடுக்குங்கால் இதனை நினைவிற் கொள்க. பெண்மக்களை விடுக்குங்கால் பின்னும் நினைக.