ஷிப்ட் முடிஞ்சு 'கென்ஷின் இம்பாக்ட்' ஆடப் போறீங்களா? முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து ரூமுக்கு வருபவர்களுக்கு, 2020 செப்டம்பரில் வெளியான 'கென்ஷின் இம்பாக்ட்' இலவசம்தான். நண்பர்கள் இருக்கும் சர்வரையே தேர்வு செய்யுங்கள். பிறகு மாறினால் சேர்த்தது எதுவும் கூட வராது. சேர்ந்து ஆட 'அட்வென்ச்சர் ரேங்க்' 16 வரணும்.

தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். பரிசு எடுக்கத் தேவையான 'ரெசின்' 8 நிமிடத்துக்கு ஒன்றுதான் ஏறும். 200 நிரம்ப 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து திறந்தாலும் நஷ்டமில்லை.

சம்பளம் கரைவது 'விஷ்' பகுதியில். ஒரு முறைக்கு 5 நட்சத்திர கதாபாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு வெறும் 0.6%. 90-வது முறைக்குள் நிச்சயம் ஒருவர் வருவார், ஆனால் நீங்க ஆசைப்பட்டவரே வருவார்னு சொல்ல முடியாது. கதையை நகர்த்த இலவசமாகக் கிடைப்பவர்களே போதும். முதல் மாதம் யுபிஐ பக்கமே போகாதீங்க.