3.0 வோல்ட்டும் 3.6 வோல்ட்டும்: அமரபுரத்தார் ஒருவரின் ஆய்வு

நெய்வேலியின் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் 2020இல் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட்-மணி பேட்டரிச் சேமிப்போடு இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெருநிலத்து மின்தொடருடன் இணைப்பில்லாத அத்தீவுகள் மின்சாரத்துக்குக் கப்பலில் வரும் டீசலையே பெரிதும் நம்பியிருந்தவை. அங்கே பேட்டரியின் விலை சிறிய செய்தியன்று. அவ்விலையில் பெரும்பங்கு கேத்தோடு என்னும் நேர்முனைப் பொருளுக்குரியது.

1980இல் ஆக்ஸ்போர்டில் குட்இனஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டறிந்து, லித்தியத்துக்கு எதிராக 4 வோல்ட்டை எட்டினர். ஆனால் கோபால்ட் அரிது, விலையும் மிகுதி. இரும்போ மலிவு; எனினும் அதன் ஆக்சைடு 2.5 வோல்ட்டைத் தாண்டுவதில்லை. மின்னழுத்தம் குறைந்தால் சேமிக்கும் ஆற்றலும் குறையும். இரும்பைக் கைவிடுவதே இயல்பான முடிவாக இருந்திருக்கும்.

தென் தமிழகத்தின் அமரபுரத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆறுமுகம் மந்திரம் 1985இல் குட்இனஃபுடன் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இருவரும் டெக்சாசின் ஆஸ்டினுக்குப் பெயர்ந்தனர். 1987இலும் 1989இலும் வெளியான கட்டுரைகளில் அவர்கள் செய்த ஒப்பீடு எளிமையானது. அவ்வெளிமையே அதன் அழகு என்பேன். இரும்பு மாலிப்டேட், டங்ஸ்டேட், சல்பேட் மூன்றிலும் இரும்பின் நிலை ஒன்றே, கட்டமைப்பும் ஒத்ததே. முதலிரண்டும் 3.0 வோல்ட் தந்தன, சல்பேட் 3.6 தந்தது. கந்தகம் ஆக்சிஜனை இறுகப் பற்றுவதால், இரும்பு-ஆக்சிஜன் பிணைப்பு தளர்கிறது. இரும்பின் ஆற்றல் நிலை தாழ்ந்து, மின்னழுத்தம் உயர்கிறது. உலோகத்தை மாற்றாமல் அதன் அண்டை வீட்டாரை மாற்றியே வோல்ட்டைக் கூட்டலாம் என்றாயிற்று.

அந்தச் சல்பேட் சந்தைக்கு வரவில்லை. அதனுள் லித்தியமே இல்லை. 1997இல் வந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் அக்குறையைத் தீர்த்தது: 3.4 வோல்ட். 2019இல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் ஆற்றியவர் மந்திரம். நம் பாடநூல்களில் இப்பெயரை நான் கண்டதில்லை.

4.7 வோல்ட் தரும் நிக்கல்-மாங்கனீசு ஸ்பினல் இன்றும் பெருவழக்காகவில்லை. அவ்வழுத்தத்தில் வழக்கமான மின்பகுளி சிதைகிறது. வாகனத்துக்கு அந்த உயரம் தேவைப்படலாம். எடை பொருட்டாகாத தீவுச் சேமிப்பு நிலையத்துக்கு இரும்பின் 3.4 வோல்ட்டே போதும் என்பது என் கருத்து.