ஜெராய் மலைக் கல்லும் நம்ம தோட்டத்துக் கோயில் கல்லும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். உட்கார்ந்து பொறுமையா படிங்க.

போன பள்ளி விடுமுறையில் நம்ம சமய வகுப்புப் பிள்ளைகளை மெர்போக்கில் இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். அங்கே புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் மேடையைப் பார்த்ததும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, இவ்வளவு கல்லும் இந்தியாவுல இருந்து கப்பல்ல வந்துச்சா?" கூட வந்த பெரியவர் ஒருத்தர் உடனே, "ஆமாய்யா, சோழன் கொண்டாந்தது. வாட்ஸ்ஆப்புல வந்துச்சே" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைகளைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். அது ஜெராய் மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு. உருண்டு திரண்ட பாறைகள் நிறைய கிடக்கும். "ஒரு கல்லை உத்துப் பாருங்க, அப்புறம் கோயில் கல்லைப் போய்ப் பாருங்க" என்றேன். இரண்டிலும் அதே வெள்ளைப் புள்ளி, அதே கண்ணாடி மாதிரி சாம்பல் நிறம், அதே மினுக்குகிற கறுப்புத் துகள். பையன் சிரிச்சிட்டான். கல் எங்கிருந்து வந்ததுன்னு யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கல.

அந்த இடத்தின் பெயரே அதைத்தான் சொல்லுது. புக்கிட் என்றால் குன்று, பத்து என்றால் கல், பஹாட் என்றால் உளி. உளி பட்ட கல் இருக்கிற குன்று.

சரி, இந்தக் கல் எப்படி உண்டாச்சு? எனக்குப் புரிந்த அளவில் சொல்றேன்.

ஜெராய் மலையில் இரண்டு விதமான கல் இருக்கு. மேலே, உச்சிப் பக்கம் இருப்பது ரொம்பப் பழசு. ஏறக்குறைய 50 கோடி வருஷத்துக்கு முன்னால் அது கடலில் படிந்த மணலும் சேறும். அப்போ நிலத்தில் மரம் கிடையாது, மிருகம் கிடையாது. அந்த மணல் அடுக்கடுக்காகப் படிந்து, இறுகி மணற்பாறை ஆனது. பிறகு பூமிக்குள்ளே இருந்த அழுத்தமும் சூடும் சேர்ந்து அதைக் குவார்ட்சைட் என்கிற கெட்டிப் பாறையாக மாற்றிடுச்சு. சேறு படிந்த பகுதி ஏடு ஏடாகப் பிரிகிற பாறையாச்சு.

இரண்டாவது கல் கிரானைட். நாம கருங்கல் என்று சொல்கிற இனம். சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தத் தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் தனித்தனி நிலத்துண்டுகளாக இருந்து ஒன்றோடொன்று மோதின. அந்த மோதலில் ஆழத்தில் இருந்த பாறை உருகி, குழம்பாகி மேலே எழும்பியது. ஆனால் எரிமலை மாதிரி வெளியே கொட்டவில்லை. பல கிலோமீட்டர் ஆழத்திலேயே சிக்கி, மெல்ல மெல்ல ஆறியது. மெதுவா ஆறினதால்தான் கிரானைட்டில் மணி மணியாகப் படிகங்கள் கண்ணுக்குத் தெரியுது. வெள்ளையா இருப்பது ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ், மினுக்குகிற கறுப்பு மைக்கா. பிள்ளைகள் பார்த்த மூன்றும் இதுதான்.

அப்புறம் வேலை செய்தது மழை. மேலே மூடியிருந்த மண்ணையும் பாறையையும் கோடிக்கணக்கான வருஷமா கரைத்துக் கரைத்து, ஆழத்தில் இருந்த கிரானைட்டை வெளியே கொண்டு வந்தது. வெடிப்பு இருக்கிற இடத்தில் தண்ணி இறங்கி மூலைகளைத் தின்று பாறையை உருண்டையாக்கியது. ஆறு அதை அடிவாரம் வரைக்கும் உருட்டிக் கொடுத்தது. கோயில் கட்டினவங்க வந்து சேருவதற்குள் பாதி வேலையை மலையே முடிச்சு வச்சிருந்தது.

தமிழ்நாட்டுக் கல் இதிலிருந்து வேறு. மகாபலிபுரம், பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பேர். அதன் வயசு சுமார் 250 கோடி வருஷம். ஜெராய் கிரானைட்டை விடப் பத்து மடங்குக்கும் மேலே மூத்தது, நிறமும் கருமை கூடியது. பாறை படித்தவர்கள் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் சொல்லிடுவாங்க.

இதனால் நம்ம பெருமை குறைஞ்சு போச்சா? இல்லீங்க. தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கோங்க. 1010-இல் நிறைவான அந்தக் கோயிலுக்குத் தஞ்சாவூரில் கல் கிடையாது. அது காவிரி வண்டல் பூமி. பாறை இருக்கிற ஊரிலிருந்துதான் இழுத்து வந்தாங்க. மலை பக்கத்தில் இருந்தால் கல், வண்டல் மண்ணில் இருந்தால் செங்கல், இதுதான் கோயில் கட்டுகிறவங்க ரொம்ப காலமாகப் பார்த்து வந்த நடைமுறை.

கெடாவிலும் அப்படியேதான் நடந்திருக்கு. மலை அடிவாரத்தில் இருக்கிற புக்கிட் பத்து பஹாட் கோயிலுக்குக் கிரானைட். தாழ்வான ஆற்றோரத்தில் இருந்த பெங்காலான் பூஜாங் கோயிலுக்கு, அங்கே கிடைக்கும் களிமண்ணில் சுட்ட செங்கல். செம்மண் காட்டுப் பக்கம் செம்புறாங்கல். செம்புறாங்கல் நமக்குப் புதுசு இல்லை. தோட்டத்துச் சாலையில் மழைக்குச் சிவப்பாகக் கரைந்து சட்டையில் ஒட்டுமே, அந்தச் செம்மண்ணுக்கு உறவுக்காரக் கல்தான். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற ஊரில் மற்றச் சத்தெல்லாம் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்ட மண் அது. தோண்டும்போது வெட்ட வரும், காற்றுப் பட்டால் இறுகும்.

அந்தக் கோயில்களைக் கட்டினது எந்த இனம், எந்த ராஜா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோம். 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் படை அனுப்பியது வரலாறு. ஆனால் அதுக்கு முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே, 7-ஆம் நூற்றாண்டில், சீனத் துறவி யிஜிங் இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் தங்கியிருக்கிறார். படை வருவதற்கு ரொம்ப முன்னாடியே இது கப்பல் வந்து போகிற ஊர். கட்டினவங்க யாராக இருந்தாலும், எந்த ஆற்றில் நல்ல கல், எந்தக் கரையில் நல்ல களிமண் என்று இந்த மண்ணைத் தெரிஞ்சவங்க. வந்து கொள்ளையடித்துவிட்டுப் போனவங்களுக்கு அந்த அறிவு இருக்காது. தங்கி வாழ்ந்தவங்களுக்குத்தான் இருக்கும்.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன்.

ஜெராய் ஒரு காலத்தில் தீவு என்று மலாய்க்காரப் பெரியவர்கள் சொல்வாங்க. அது வெறும் கதை இல்லை. சுமார் 5,000 வருஷத்துக்கு முன்னால் கடல் மட்டம் இப்போதை விடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. பிறகு கடல் பின்வாங்க, ஆறுகள் வண்டலைக் கொட்ட, கரை மேற்கே நகர்ந்தது. சுங்கை பத்துவில் தோண்டி எடுத்த படகுத்துறை இன்றைக்குக் கடலைப் பார்க்காமல் செம்பனைக்கு நடுவே கிடப்பது இதனால்தான். கடல் விட்டுப் போன களிமண் சமவெளிதான் அலோர் ஸ்டார் பக்கத்து நெல் வயல்.

ரப்பருக்கு அந்தக் களிமண் ஆகாது. தண்ணி தேங்காத மேட்டு நிலம் வேணும். பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் பக்கத்து மேடுகளில் 1900-களின் தொடக்கத்தில் தோட்டங்கள் வந்தது அதுக்காகத்தான். நம்ம தாத்தா பாட்டிமார் எந்த லயத்தில் குடியேறினாங்க என்பதைக் கங்காணியும் துரையும் முடிவு பண்ணினதா நினைக்கிறோம். அவங்களுக்கு முன்னாடியே கல்லும் மண்ணும் முடிவு பண்ணியாச்சு.

வந்தவங்க என்ன செய்தாங்க? சிற்பி கிடையாது, காசு கிடையாது. ஓடையில் ஒரு நல்ல கல்லை எடுத்தாங்க. மரத்தடியில் நட்டாங்க. மஞ்சள் பூசி, முனியாண்டி என்றும் மாரியம்மா என்றும் கூப்பிட்டாங்க. புக்கிட் பத்து பஹாட்டில் நடந்ததும் இதேதான். மலை கொடுத்த கல்லில் சாமியைக் கண்டாங்க.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. தோட்டம் கைமாறி, நாங்கள் சேவை செய்யும் கோயில் புது இடத்துக்கு மாறப் போகிறது. மகாபலிபுரத்திலிருந்து புது அம்மன் சிலை வருகிறது, ரொம்ப சந்தோஷம். ஆனால் கூட்டத்தில் ஒருத்தர், "அந்தப் பழைய கல்லு வெறும் ஆத்துக் கல்லுதானே, ஆத்துலயே விட்டுடலாம்" என்றார். யாரும் பதில் பேசல. நானும் அன்றைக்குப் பேசல. அதான் இங்கே எழுதுறேன்.

2013 டிசம்பரில் சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11-ஆம் எண் கோயிலின் அடித்தளம் வீடமைப்பு வேலைக்காக இடிக்கப்பட்ட செய்தி வந்தப்ப நாம எல்லாரும் கொதிச்சோம். குவாரிச் வேல்ஸ் 1930-களிலேயே பார்த்துப் பதிவு செய்த இடம் அது. ஆனா சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படல. இயந்திரம் ஓட்டினவருக்கு அது வெறும் கல்லும் செங்கல்லும்தான். அன்றைக்கு அவரைத் திட்டின நாம, இன்றைக்கு நம்ம கையாலேயே அதே வார்த்தையைச் சொல்லலாமா?

அந்தக் கல்லுக்கு வயசு 20 கோடி வருஷமா இருக்கலாம். அதில் மூன்று தலைமுறை மஞ்சள் இருக்கு. பால் வெட்டப் போகும் முன்னால் இருட்டில் வந்து கும்பிட்ட கைகள் பட்டது அது. ஆகம முறைப்படி என்ன செய்யணும் என்று குருக்களைக் கேட்போம். என் வேண்டுகோள் ஒன்றுதான்: புதுக் கோயிலில் அம்மனுக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் தல மரத்தடியிலாவது, அதுக்கு ஓர் இடம் கொடுங்க. பக்கத்தில் ஒரு பலகையில் எந்தத் தோட்டம், எந்த ஓடை என்று எழுதி வையுங்க.

உங்க தோட்டத்துக் கோயிலிலும் இப்படி ஒரு கல் இருந்தால், இந்த வாரமே ஒரு படம் எடுத்து, அதன் கதையை வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க. நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டுடாதீங்க.

ஓம் சக்தி.