பலேடியத்துப் புதன்கிழமைகள்

சால்சா ஆடுவோரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. இந்த ஆட்டம் வீட்டுக் கூடத்தில் அத்தையும் மாமனும் கைபிடித்துக் கற்றுத் தந்தது. வகுப்புகள் வந்து 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணத் தொடங்கிய அன்றே அதன் உயிர் போயிற்று என்பது ஒரு கட்சி. எண்ணத் தெரியாதவன் தாளத்தை மிதித்துக்கொண்டு திரிகிறான் என்பது எதிர்க்கட்சி. நியூயார்க் நகரின் நடன வரலாற்றைச் சற்றே புரட்டினால், இருவருமே பாதி உண்மையை வைத்துக்கொண்டு வழக்காடுவது தெரியவரும்.

மன்ஹாட்டனில் பிராட்வேயும் 53ஆம் தெருவும் சந்திக்கும் முனையில், மாடியொன்றில் இருந்தது பலேடியம் நடனக்கூடம். அதற்கு முன் ஆல்மா என்ற பெயரில் அங்கே பால்ரூம் நடனங்கள் நடந்துவந்தன. கூட்டம் குறைந்து வரவே, 1940களின் பிற்பகுதியில், ஃபெடெரிகோ பகானி என்னும் நிகழ்ச்சி அமைப்பாளரின் முயற்சியால் கியூப இசைக்கு அங்கே இடம் கிடைத்தது. மச்சீட்டோவின் ஆஃப்ரோ-கியூபன் குழு, டீட்டோ புவென்டே, டீட்டோ ரொட்ரிகஸ் என மூன்று குழுக்கள் அம்மேடையில் கோலோச்சின. நமக்குச் சங்கீத மும்மூர்த்திகள் எப்படியோ அப்படி, அவ்வூர் மாம்போ இரசிகர்களுக்கு இம்மூவர். ஜாஸ் இசைக்குப் பேர்போன பேர்ட்லேண்ட் கூப்பிடு தொலைவில்தான் இருந்தது.

பலேடியத்தின் பெருமை இசையோடு நிற்கவில்லை. நிறவேற்றுமை நாட்டை ஆண்டுகொண்டிருந்த காலத்தில் கறுப்பினத்தவர், புவேர்ட்டோ ரிக்கர், இத்தாலியர், யூதர் ஆகிய எல்லோரும் அங்கே ஒரே தளத்தில் ஆடினார்கள். 'கியூபன் பீட்' என்று பெயர்பெற்ற பெட்ரோ அகிலார் உண்மையில் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர் (பட்டப்பெயர்களுக்கு எங்கும் இலக்கணமில்லை போலும்!). அவருடைய இணையான மில்லி டோனே இத்தாலிய வழிவந்த பெண். தளத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க அளவுகோல் ஒன்றுதான்: ஆடத் தெரியுமா?

தெரியாதவர்களுக்கும் வழி இருந்தது. அதுதான் புதன்கிழமை. மாலையில் முதலில் பாடம். 'கில்லர் ஜோ' என்றழைக்கப்பட்ட ஃபிராங்க் பைரோ, கிழக்கு ஹார்லெமைச் சேர்ந்த இத்தாலிய வம்சாவளியினர், திரண்டிருப்போருக்கு மாம்போ அடவுகளைச் சொல்லிக்கொடுப்பார். பின்னர்ப் போட்டியும், தேர்ந்த ஆடல் இணைகளின் காட்சியும் நடக்கும். அதன்பின் நள்ளிரவு கடந்தும் தளம் எல்லோருக்கும் பொது. மாலையில் கற்ற அடவை அன்றிரவே நேரடி இசைக்குழுவின் முன்னால், பெட்ரோ அகிலாருக்குப் பக்கத்தில் நின்று ஆடிப் பார்க்கலாம். ஆகவே, வகுப்பு என்பது பின்னாளில் வந்த பிணி என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. பொற்காலம் என்று போற்றப்படுகிற நாளிலேயே வகுப்பு இருந்தது; ஆனால் வகுப்பும் வாத்தியமும் தளமும் ஒரே கூரையின்கீழ், ஒரே இரவில் இருந்தன.

இங்கே தாளத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இவ்விசையை ஆடுவோர் எட்டு எண்ணிக்கைகளாகப் பகுத்துக்கொள்கிறார்கள். கிளாவே என்னும் ஐந்து தட்டுகள் அந்த எட்டைக் கட்டி நிறுத்துகின்றன. காங்கா முழவில் உள்ளங்கை ஓங்கி அறையும் ஒலி இரண்டாம் எண்ணிக்கையில் விழும். பலேடியத்தார் ஒன்றில் வாளாநின்று, இரண்டில் காலெடுத்து, இரண்டு மூன்று நான்கு என்றும், ஆறு ஏழு எட்டு என்றும் அடியிட்டார்கள். தாளம் தொடங்கியபின் பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பை அறிந்த நம்மவர்க்கு இதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் அன்று பெரும்பாலோர் அதை எண்ணிக் கற்கவில்லை. காங்காவைக் கேட்டுக் கற்றார்கள்.

1961இல் காவல்துறைச் சோதனையொன்றை அடுத்து பலேடியம் மது விற்கும் உரிமத்தை இழந்தது. 1966இல் கூடமே மூடப்பட்டது. விந்தை என்னவெனில், அதன்பிறகுதான் 'சால்சா' என்ற பெயர் உலகறியப் பரவியது. 1964இல் தொடங்கிய ஃபானியா நிறுவனத்தின் இசைத்தட்டுகளும், 1971இல் சீட்டா விடுதியில் அதன் கலைஞர்கள் நடத்திய கச்சேரியும் அதற்குக் காரணமாயின. இசை பெருகிற்று, இளைஞர்களோ ஹஸில், டிஸ்கோ என்று போனார்கள். பழைய அடவுகள் சில விடுதிகளில், நரை தட்டியவர்களின் கால்களில் மட்டும் எஞ்சி நின்றன.

அவ்விடுதிகளில் மூத்தோரைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர் எட்டி டோரஸ். 1950இல் பிறந்த நியூயார்க் புவேர்ட்டோ ரிக்கர். ஆடத் தெரிந்தது, என்ன ஆடுகிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. ஜூன் லபெர்டா என்னும் பால்ரூம் ஆசிரியை அவரிடம் இசையின் கணக்கைக் கற்குமாறும், அடவுகளுக்குப் பெயரிடுமாறும் வற்புறுத்தினார். டோரஸ் பெயரிட்டார், எண்ணிட்டார், புவென்டேயின் குழுவோடு மேடையேறினார், பிறகு பல்லாயிரவருக்குக் கற்பித்தார். பலேடியத்து நடையை அவர் அப்படியே பெயர்த்தெழுதவில்லை. அவர் பாடத்தில் ஒன்று இரண்டு மூன்று, ஐந்து ஆறு ஏழு என அடிவிழும். திசை மாறுவது மட்டும் இரண்டிலும் ஆறிலும். எண்ணிக் கற்கும் புதியவருக்கு இது எளிது.

எண் வந்ததால் ஆட்டம் ஊர்விட்டு ஊர் போயிற்று. ஒளிநாடாவில் பதிவாகி, 1990களில் கடல் கடந்தது. ஹார்லெமில் அத்தை இல்லாதவர்களுக்கும் ஆட்டம் கிட்டியது. இதைச் சிறிய கொடை என்று நாம் கருதவில்லை. அழிந்திருக்கக்கூடிய ஒன்றை ஏட்டில் ஏற்றியவர்களை நாம் உ.வே.சா. முதலாக அறிவோம்.

ஆயினும் இழப்பும் உண்டு. வகுப்பு பயிற்சிக்கூடத்துக்குப் போயிற்று. குடிப்பதற்குத் தண்ணீர் மட்டுமே கேட்கும் ஆட்டக்காரர்களால் மதுவிடுதிக்கு வருவாயில்லை. ஆகவே கூடிக் களிப்பதும் 'சோஷியல்' என்ற பெயரில், மதுவில்லாத ஞாயிறு மாலைகளாக, அதே பயிற்சிக்கூடங்களுக்குள் ஒதுங்கியது. இசைக்குழுவுக்குக் கூலி கொடுக்க ஆளில்லை; இசைத்தட்டு போதுமென்றாயிற்று. குழந்தைப் பருவம் முதல் சமையலறையில் ஆடி வளர்ந்த பெரியவர் ஒருவர் அங்கே வந்தால், முதற்கேள்வி "நீங்கள் ஒன்றிலா, இரண்டிலா?" என்பதாக இருக்கும். அவரிடம் அதற்கு விடை இராது. அவர் தவறாக ஆடுகிறார் என்று ஆறு மாதம் பயின்றவர் முடிவு கட்டிவிடுவார்.

பலேடியத்தில் மொண்டூனோ என்னும் இறுதிப் பகுதியை எவ்வளவு நீட்டுவதென்பதைத் தளத்தைப் பார்த்தே குழுவினர் முடிவு செய்வர். கால்கள் சூடேறினால் பித்தளைக் குழல்கள் இன்னொரு சுற்று வரும். இசைத்தட்டுக்கு எதிரே ஆடுபவரின் கால்கள் தெரிவதில்லை. ஐந்தாம் நிமிடத்தில் அது நின்றுவிடுகிறது.