பம்பாய்த் துறைமுகம் வெடித்தபோது: நம் வணிகருக்கு ஒரு பழைய பாடம்

நம் மும்பைத் தமிழர்களில் சொந்தமாகக் கடை, பட்டறை, கிடங்கு வைத்திருப்போர் பலர். ஊரிலிருந்து வெறுங்கையோடு வந்து, முப்பது நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த முதல் அது. அந்த முதல் ஒரே நாளில் போய்விட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர் இந்நகரின் வரலாற்றில் ஒரு நாளை அவசியம் அறிந்திருக்க வேண்டும். அது 1944 ஏப்ரல் 14.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பல் கராச்சி வழியாகப் பம்பாய் வந்து, ஏப்ரல் 12ஆம் தேதி விக்டோரியா டாக்கில் நின்றது. அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள். கூடவே கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், எண்ணெய், மரம், பெட்டி பெட்டியாகத் தங்கக் கட்டிகள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் அடுக்கினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பாட்டியே சொல்லியிருப்பார். போர் அவசரம், யாரும் கேட்கவில்லை.

14ஆம் தேதி பிற்பகல் கப்பலிலிருந்து புகை கிளம்பியது. தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. அரை மணி நேரத்துக்குள் அதைவிடப் பெரிதாக இரண்டாவது. பக்கத்தில் நின்ற கப்பல்களும் சேர்ந்து சுமார் 13 கப்பல்கள் அழிந்தன. இறந்தோர் எண்ணிக்கை சுமார் 800 முதல் 1,300 வரை எனப் பலவாறாகக் கூறப்படுகிறது. அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் தொடங்கும் தீயணைப்பு வாரம் அவர்கள் நினைவாகவே நடக்கிறது.

இனி வணிகத்துக்கு வருவோம். துறைமுகத்தை ஒட்டிய கிடங்குகளும் கடைகளும் எரிந்தன. 50,000 டன்னுக்கும் மேலான தானியம் போயிற்று. நெருப்பு அடங்கவே மூன்று நாள் ஆயிற்று. பிறகு 8,000 பேர் ஏழு மாதம் உழைத்து, சுமார் 5 லட்சம் டன் இடிபாடுகளை அகற்றிய பிறகுதான் துறைமுகம் பழைய நிலைக்கு வந்தது. ஆக, ஒரு வியாபாரியின் கிடங்கு தப்பியிருந்தாலும் துறைமுகம் இல்லாமல் அவர் வியாபாரம் எப்படி நடக்கும்? சரக்கு இழப்பு ஒன்று, வருமான இழப்பு மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்சூரன்ஸ் இருந்ததே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். தீக்காக எடுத்த பாலிசியில் வெடிப்புச் சேதம் பொதுவாகச் சேராத காலம் அது. போர் ஆபத்துக்கென அரசு 1940இலும் 1942இலும் தனிக் காப்பீட்டுத் திட்டங்கள் கொண்டுவந்திருந்தது உண்மை. ஆனால் இது எதிரி போட்ட குண்டு அல்லவே! தீயா, வெடிப்பா, போரா, விபத்தா என்று வழக்காடத் தொடங்கினால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும். கடைசியில் அரசே பொறுப்பேற்று, 1944இலேயே பம்பாய் வெடிப்பு இழப்பீட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்து, கோரியவர்களுக்குப் பணம் தந்தது. வெடித்தது போருக்காக வந்த வெடிமருந்து, அதனால் அரசு முன்வந்தது. நம் கடையில் மின்கசிவால் தீப்பிடித்தால் எந்த அரசும் அப்படி வராது.

இன்சூரன்ஸ் சர்வேயராகப் பல ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2005 ஜூலை 26 யாருக்கும் மறந்திராது. சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. அதற்குப் பிறகு நான் போன கடைகளில் சரக்கோடு கணக்குப் புத்தகமும் நனைந்து கூழாகிக் கிடந்தது. "சார், எவ்வளவு சரக்கு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், ஆனா எப்படிக் காட்டுறது?" என்று ஒரு தமிழ்க் கடைக்காரர் கேட்டார். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. காகிதம் இல்லாமல் உண்மையை வைத்து நான் என்ன எழுத? ஃபோர்ட் ஸ்டிகைன் தங்கக் கட்டிகள் துறைமுகச் சேற்றிலிருந்து 2011இலும் கிடைத்தன. கூழாகிப்போன கணக்குப் புத்தகம் அப்படித் திரும்பி வருமா?

ஆகவே செய்ய வேண்டியவை சில. முதலாவது, பாலிசியில் எது உண்டு என்பதைப் படிப்பதற்கு முன் எது இல்லை என்பதைப் படியுங்கள். புரியாவிட்டால் ஏஜெண்டை உட்காரவைத்துக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். 10 லட்ச ரூபாய்ச் சரக்கை 5 லட்சத்துக்கு இன்சூர் செய்து, 2 லட்சம் சேதமானால் வழக்கமான விதிப்படி கிடைப்பது 1 லட்சம்தான். 2021 ஏப்ரலில் சிறு, குறுந்தொழில்களுக்கென்று வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, பாரத் லகு உத்யம் சுரக்ஷா பாலிசிகளில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை. அதையும் தாண்டினால் பழைய கதைதான்.

மூன்றாவது, கடை மூடியிருக்கும் மாதங்களின் லாப இழப்புக்கும் சம்பளச் செலவுக்கும் தனிக் காப்பீடு உண்டு. நம்மவர்களில் அதை எடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 1944இல் பம்பாய் ஏழு மாதம் காத்திருந்ததை நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

நான்காவது, சரக்குப் பட்டியல், பில்கள், இயந்திரங்களின் புகைப்படம், பாலிசி நகல் இவற்றின் ஒரு பிரதி கடைக்கு வெளியே இருக்கட்டும். வீட்டில் இருக்கலாம், ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கலாம், கணினியில் வேறிடத்தில் சேமித்தும் வைக்கலாம். கடைக்கும் பிரதிக்கும் ஒரே கூரை மட்டும் கூடாது.

சேதம் நேர்ந்துவிட்டால் முதலில் ஆட்களைக் காப்பாற்றுங்கள். உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். தப்பிய சரக்கைத் தனியே பிரித்து வையுங்கள். படம் எடுக்காமல், சர்வேயர் பார்க்காமல் எதையும் குப்பையில் கொட்டாதீர்கள்.

இந்தப் பாடத்துக்கு 1944இல் பம்பாய் கொடுத்த விலை மிகப் பெரிது. நமக்கு ஆகும் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையும் ஒரு கோப்பு உறையும்தான். இந்த வாரமே உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள்.