விடைத்தாள் யார் கையில்? பிரிட்டனின் பப் குவிஸ் வளர்ந்த கதை

1951 நவம்பர் 10 அன்று அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில், ஸ்லேனி ஆற்றோரச் சதுப்பு நிலத்தில் சிலர் துப்பாக்கிகளோடு பறவை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சர் ஹ்யூ பீவர். கின்னஸ் பீர் ஆலையின் நிர்வாக இயக்குநர். பொன்னிற உப்புக்கொத்தி அவர் குறிக்குத் தப்பிப் பறந்துவிட்டது. அன்று மாலை காசில்பிரிட்ஜ் மாளிகையில் விருந்தினர்களுக்குள் வாதம் கிளம்பியது. ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் அதிவேகமாகப் பறப்பது எது? உப்புக்கொத்தியா, க்ரவுஸ் என்னும் காட்டுக்கோழியா? கையெட்டும் தூரத்தில் இருந்த புத்தகங்களைப் புரட்டியும் முடிவு தெரியவில்லை.

பீவர் அந்த வாதத்தை மறக்கவில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக அன்றைக்கு 81,400 மதுக்கூடங்கள். அவற்றில் இரவுதோறும் இதைப் போல ஏதாவதொரு வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கும். தீர்ப்புச் சொல்ல ஒரு புத்தகம் இல்லையே என்று அவருக்குப் பட்டது.

பப் குவிஸ் என்னும் வினாடி வினா இரவின் வரலாற்றைத் தொலைக்காட்சிப் போட்டிகளிலிருந்தும் தொடங்கலாம். இக்கட்டுரை அந்த விருந்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மதுக்கூடத்தில் கேள்வி–பதில் என்பது அறிவைச் சோதிக்கும் விளையாட்டாக ஆவதற்கு முன்பே வாதத்தைத் தீர்க்கும் தேவையாக இருந்தது. ‘சரியான விடை இதுதான்’ என்று சொல்லும் உரிமை முதலில் புத்தகத்திடம் இருந்தது. பிறகு கேள்வி கேட்பவரிடம் போனது. அங்கிருந்து பெட்டியில் அடைத்த அட்டைகளுக்கு. கடைசியில் ஆடுபவரின் சட்டைப்பைக்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆட்டம் கொஞ்சம் உருமாறியது.

காப்பிக்கடையும் வானொலியும்

பொது இடத்தில் கேள்வி போட்டு விடை வாங்கும் பழக்கம் லண்டனுக்குப் புதிதல்ல. 1691-இல் ஜான் டன்டன் என்ற பதிப்பாளர் ‘அதீனியன் மெர்க்குரி’ என்ற தாளைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பலாம். மதமோ காதலோ இயற்கை அறிவியலோ, எதைப் பற்றியும் கேட்கலாம். பதில் சொல்வது ‘அதீனியச் சங்கம்’ என்ற அறிஞர் குழு என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் அந்தச் சங்கம் டன்டனும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு மூன்று பேரும்தான். அவர்கள் கூடியது ஒரு காப்பிக்கடையில். 1697 வரை அந்தத் தாள் ஓடியது. பதில் சொல்பவர் யாரென்று தெரியாவிட்டாலும், அச்சில் வந்துவிட்டால் அது விடை என்று வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

‘குவிஸ்’ என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி டப்ளினில் ஒரு கதை சொல்வார்கள். 1791-இல் ரிச்சர்ட் டேலி என்ற நாடக அரங்க மேலாளர், பொருளில்லாத ஒரு சொல்லை ஒரே நாளில் ஊர்முழுக்கப் பேசவைப்பதாகப் பந்தயம் கட்டிச் சுவரெங்கும் அதை எழுதவைத்தாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1782-ஆம் ஆண்டிலேயே, விசித்திரமான ஆள் என்ற பொருளில், எழுத்தாளர் ஃபேனி பர்னியின் நாட்குறிப்பில் அந்தச் சொல் வந்துவிட்டது. சோதனைக் கேள்வி என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வகுப்பறைகளில் சேர்ந்தது. 1927-இல் அமெரிக்காவில் ‘ஆஸ்க் மீ அனதர்’ என்ற கேள்விப் புத்தகம் விற்பனையில் சக்கைப்போடு போட்டது. வீட்டு விருந்துகளில் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு மடக்குவது மோஸ்தரானது.

பிரிட்டனுக்கு இந்தக் காய்ச்சல் வானொலி வழியாகப் பரவியது. 1937-இல் பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியில் எழுத்துக்கூட்டல் போட்டி நடந்தது. 1946-இல் வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் ‘ஹேவ் எ கோ’ நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மக்களிடம் கேள்வி கேட்டுப் பணப் பரிசு கொடுத்தார். 1948-இல் பள்ளிகளுக்கு இடையிலான ‘டாப் ஆஃப் தி ஃபார்ம்’ வந்தது. கேள்விக்கு விடை சொல்வது ஊரார் கூடிக் கேட்கும் பொழுதுபோக்காகிவிட்டது.

பீர் சிந்தினாலும் கெடாத புத்தகம்

பீவர் தேடிய புத்தகத்தை எழுதியவர்கள் நாரிஸ், ராஸ் மெக்வைர்டர் என்ற இரட்டையர். பத்திரிகைகளுக்குத் தகவலும் புள்ளிவிவரமும் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார்கள். கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த ஓட்ட வீரர் கிறிஸ்டோபர் சாட்டவே அவர்களை அறிமுகப்படுத்தினார். 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடியபோது, அவருக்கு வேகம் கொடுக்க முன்னே ஓடியவர்களில் சாட்டவேயும் ஒருவர். அன்று ஒலிபெருக்கியில் நேரத்தை அறிவித்தவர் நாரிஸ் மெக்வைர்டர்.

1954-இல் ஆயிரம் பிரதிகள் விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுக்கப்பட்டன. முறையாகக் கட்டப்பட்ட முதல் பதிப்பு 1955 ஆகஸ்ட் 27 அன்று வெளியானது. மதுக்கூட மேசைக்கென்றே தயாரானதால், பீர் சிந்தினாலும் ஊறாதபடி அட்டை போட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பீர் விற்க உதவட்டும் என்று தொடங்கிய புத்தகம், தானே விற்பனைச் சரக்காகிவிட்டது.

வாதம் செய்கிறவர்களுக்கு அதில் ஒரு நடுவர் கிடைத்தார். ஆனால் தீர்ப்புப் புத்தகம் மேசையில் இருக்கும்போது, அதிலிருந்தே வழக்கை உருவாக்கலாம் என்பதும் புலப்படும். ‘மிக உயரமான’, ‘மிக நீளமான’, ‘முதன்முதலாக’ என்று தொடங்கும் கேள்விகள் பப் குவிஸில் இன்றுவரை மலிந்து கிடப்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஞாயிறு இரவு வியாபாரம்

1950-களின் இறுதியில் லிவர்பூலைச் சுற்றியுள்ள மெர்ஸிசைடு வட்டாரத்தில் மதுக்கூட அணிகள் லீக் முறையில் மோதத் தொடங்கின. ஈட்டி எறியும் டார்ட்ஸ் ஆட்டத்துக்கும் டோமினோவுக்கும் ஏற்கெனவே இருந்த ஏற்பாடுதான் இது: இந்த வாரம் உங்கள் இடம், அடுத்த வாரம் எங்கள் இடம், ஆண்டு முடிவில் கோப்பை.

தெற்கே இது தொழிலாக மாறியது 1970-களில். ஷாரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர் 1976-இல் தென் இங்கிலாந்தில் 32 அணிகளை மூன்று லீக்குகளாகப் பிரித்துப் போட்டி நடத்தினார்கள். ஆள்வரத்துக் குறைந்த இரவுகளில், குறிப்பாக ஞாயிறன்று, கூட்டம் சேர்ப்பதுதான் நோக்கம். சில ஆண்டுகளில் வாரந்தோறும் ஆடும் அணிகள் 10,000 ஆகின. மதுக்கூட உரிமையாளருக்குக் கணக்கு எளிது: பாட்டுக் கச்சேரிக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இதற்கு ஆகாது, வந்தவர்கள் கடைசிச் சுற்று முடியும்வரை எழுந்து போகமாட்டார்கள், உட்கார்ந்திருக்கும்வரை குடிப்பார்கள்.

தொலைக்காட்சியும் அதே காலத்தில் ஆட்களைத் தயார் செய்துகொண்டிருந்தது. 1962-இல் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’, 1972-இல் ‘மாஸ்டர்மைண்ட்’. இரண்டாவதை உருவாக்கிய பில் ரைட் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டவர். இருட்டறை, ஒற்றை நாற்காலி, முகத்தில் விழும் வெளிச்சம் என்ற அமைப்பு அவருடைய விசாரணை அனுபவத்திலிருந்து வந்தது. 1980-இல் அந்த நாற்காலியில் வென்றவர் ஃப்ரெட் ஹவுஸ்கோ என்ற லண்டன் டாக்சி ஓட்டுநர். பட்டம் இல்லாதவரும் பொது அறிவில் முதலிடம் பெறலாம் என்பதை நாடே வீட்டில் உட்கார்ந்து பார்த்தது.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை

இந்த ஆட்டத்தின் உருவம் எளிமையானது. நான்கு முதல் ஆறு பேர் ஒரு மேசை. தலைக்கு ஒன்றிரண்டு பவுண்டு நுழைவுப் பணம். ஒரு விடைத்தாள், மை தீரப்போகும் ஒரு பேனா. அணிப் பெயரில் சிலேடை இருந்தாக வேண்டும்: பாடகியின் பெயரை உருட்டி ‘குவிஸ்டீமா அகிலேரா’, துப்பறியும் கதாசிரியரின் பெயரைத் திரித்து ‘அகதா குவிஸ்டி’. ஒலிவாங்கியைப் பிடித்தவர் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசிக்கிறார். மேசையில் தலைகள் நெருங்குகின்றன. தெரிந்தவர் பக்கத்து மேசைக்குக் கேட்காமல் கிசுகிசுக்கிறார். அதைவிடச் சத்தமாகப் பேசுபவர், தவறான விடையை எழுதவைக்கிறார். நடுவில் மங்கலான நகலெடுத்த முகங்களோடு படச் சுற்று, பிறகு பாட்டின் முதல் பத்து நொடியை மட்டும் ஒலிக்கவிடும் இசைச் சுற்று.

திருத்துவதற்குத் தாள்களைப் பக்கத்து மேசையோடு மாற்றிக்கொள்கிறார்கள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் உண்டா, குடும்பப் பெயர் மட்டும் எழுதினால் போதுமா என்ற சச்சரவு அப்போதுதான் கிளம்பும். அதற்காகவே எல்லா இடத்திலும் ஒரு சட்டம்: குவிஸ் மாஸ்டர் தாளில் இருப்பதே விடை. அது தவறாக இருந்தாலும் அதுவே விடை. இரண்டு அணிகள் சமமாக நின்றால், எண்ணை ஊகிக்கும் ஒரு கேள்வி. உண்மைக்கு மிக அருகில் வந்தவருக்கு வெற்றி.

அந்தத் தாளைப் புதுப்பிக்காதவர் பாடு திண்டாட்டம். கஜகஸ்தானின் தலைநகர் 1997 வரை அல்மாட்டி, அக்மோலாவுக்கு மாறிய தலைநகர் 1998-இல் அஸ்தானா எனப் பெயர் பெற்றது, 2019-இல் நுர்சுல்தான், 2022-இல் மறுபடி அஸ்தானா. 2006 ஆகஸ்ட் 24 அன்று காலையில் ஒன்பதாக இருந்த கோள்கள், வானியலாளர்களின் வாக்கெடுப்புக்குப் பின் மாலையில் எட்டு. அதிக நிலவுகள் உள்ள கோள் எது என்ற கேள்விக்கு 2023-இன் தொடக்கத்தில் விடை சனியிலிருந்து வியாழனுக்கு மாறி, அதே ஆண்டு மே மாதத்தில் சனிக்கே திரும்பியது.

கொலம்போவின் முதற்பெயர்

1979 டிசம்பர் 15 அன்று மாண்ட்ரியலில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபாட் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் ‘ட்ரிவியல் பர்ஸ்யூட்’ விளையாட்டைத் திட்டமிட்டார்கள். 1981-இல் அது கடைக்கு வந்தது. உலக அறிவு முழுவதும் ஆறு நிறங்களுக்குள் அடங்கியது: புவியியலுக்கு நீலம், வரலாற்றுக்கு மஞ்சள், விளையாட்டுக்கு ஆரஞ்சு என்று. 1984-இல் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பெட்டிகள் விற்றன. கேள்வி கேட்பவர் என்று தனியாக ஒருவர் தேவையில்லை. அட்டையின் பின்பக்கமே குவிஸ் மாஸ்டர்.

அந்தப் பின்பக்கத்தில் ஒரு பொறி இருந்தது. ஃப்ரெட் வொர்த் என்ற அமெரிக்கர் 1974-இல் துணுக்குத் தகவல் கலைக்களஞ்சியம் ஒன்றை வெளியிட்டிருந்தார். யாராவது காப்பியடித்தால் பிடித்துவிடலாம் என்று அதில் வேண்டுமென்றே ஒரு பொய்யை நுழைத்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் பிலிப். ‘ட்ரிவியல் பர்ஸ்யூட்’ அட்டை ஒன்றில் அதே கேள்வி, அதே ‘பிலிப்’. வொர்த் 30 கோடி டாலர் கேட்டு 1984-இல் வழக்குப் போட்டார். அவருடைய புத்தகங்களையும் பயன்படுத்தியதை எதிர்த்தரப்பு மறுக்கவில்லை. பல நூல்களிலிருந்து எடுத்தோம், அதில் தவறென்ன என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1987-இல் வொர்த்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது.

ஞாயிறு மாலையில் நான்கு புத்தகங்களைப் பரப்பி வைத்துக் கேள்வி தொகுக்கும் பிரிட்டிஷ் குவிஸ் மாஸ்டரின் பிழைப்பும் இதே கொள்கையின் மேல்தான் நிற்கிறது. ஒரு தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால், ஒருவர் செய்த பிழையும் கேட்பாரின்றிக் கைமாறிக்கொண்டே போகும்.

சட்டைப்பையில் ஒரு சாட்சி

2002-இல் பிரிட்டனில் ஷஸாம் சேவை தொடங்கியது. 2580 என்ற எண்ணுக்கு, அதாவது கைபேசிப் பொத்தான்களின் நடுவரிசைக்கு, அழைப்புப் போட்டு ஒலிக்கும் பாட்டருகே பிடித்தால், அரை நிமிடத்தில் இணைப்பு அறுந்து பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். இசைச் சுற்றுக்கு விழுந்த முதல் அடி இது. 2007 நவம்பரில் ஐபோன் வந்தபின் மற்றச் சுற்றுகளுக்கும் அதே கதி. கழிப்பறைக்குப் போய்த் திரும்பியவருக்கு ஆஸ்திரேலியப் பிரதமர்களின் பட்டியல் திடீரென ஞாபகம் வந்தால் மேசைகள் முகம் பார்த்துக்கொண்டன.

அதனாலும் ஆட்டம் சாகவில்லை. 2009-இல் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி பிரிட்டனில் வாரந்தோறும் 22,445 பப் குவிஸ்கள் நடந்தன. மதுக்கூடங்களோ குறைந்துகொண்டிருந்தன: 2000-இல் சுமார் 60,000 இருந்தவை 2019-இல் ஏறக்குறைய 47,000. ஆட்களை உள்ளே இழுக்க வேண்டிய நெருக்கடி கூடியதால் குவிஸின் தேவையும் கூடியது. கேள்வி எழுதுபவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். தேடிப்பிடிக்க ஒரே சொல் போதும் என்ற கேள்விகளுக்குப் பதிலாக, இரண்டு மூன்று குறிப்புகளைக் கோத்து விடைக்கு வரவேண்டிய தொடர்புக் கேள்விகள், வெட்டி ஒட்டிய படங்கள், விடைகளின் முதலெழுத்துகள் சேர்ந்து இன்னொரு சொல்லாகும் சுற்றுகள் பெருகின.

மதுக்கூடம் இல்லாத பப் குவிஸ்

2020 மார்ச் 20 அன்று கொரோனாவால் பிரிட்டிஷ் மதுக்கூடங்கள் மூடப்பட்டன. லங்காஷயரின் டார்வென் ஊரில் குவிஸ் நடத்திவந்த ஜே ஃப்ளின், தன் வழக்கமான ஆட்களுக்காக இணையத்தில் ஒரு குவிஸ் அறிவித்தார். அறிவிப்பை எல்லோரும் பார்க்கும்படி விட்டுவிட்டதில் இலட்சக்கணக்கானோர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மார்ச் 26 அன்று முதல் நிகழ்ச்சி. ஏப்ரல் 30 அன்று நடிகர் ஸ்டீஃபன் ஃப்ரை கேள்வி கேட்ட இரவில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 182,513 பேர்.

அங்கே தாள் மாற்றிக்கொள்ளப் பக்கத்து மேசை இல்லை. ஒவ்வொருவரும் தன் விடையைத் தானே திருத்தி, தன் மதிப்பெண்ணைத் தானே கூட்டிக்கொண்டார். கேள்வி வந்ததும் கூகுளைத் திறக்கத் தடையில்லை. திறந்தாலும் கிடைக்கப்போகும் பரிசு ஒன்றுமில்லை. யூடியூப் நேரலையில் மிக அதிகமானோர் பார்த்த வினாடி வினா என்று அந்த இரவைப் பதிந்துவைத்திருப்பது, பீவர் தொடங்கிவைத்த அதே கின்னஸ் புத்தகம்.